ஓடுற வண்டி தப்பிச்சுக்கும், மூலையில நிக்கிற மெஷின்?

2025 ஆகஸ்ட் வாக்குல எங்க சொந்தக்காரங்க வாட்ஸ்அப் குரூப்பு ரெண்டு கட்சியா பிரிஞ்சு போச்சு. ஒரு கட்சிக்கு இ20, அதாவது 20% எத்தனால்ங்கற ஆல்கஹால் கலந்த பெட்ரோல்னாலே விஷம், போட்டா இன்ஜின் காலி, டேங்க் துரு, இன்சூரன்ஸ்காரன் கையை விரிப்பான், இன்னும் என்னென்னமோ. இன்னொரு கட்சி, பிரேசில்காரன் காலங்காலமா இதைவிட அதிகமா ஊத்தி ஓட்டறான், உங்க வண்டிக்கு மட்டும் என்ன வந்துச்சு, கரும்பு போடறவன் நாலு காசு பாத்தா பொறுக்காதான்னு எகிறுது. தினமும் காலையில குட்மார்னிங் ரோஜாப்பூவுக்கு அடுத்தபடியா இதுதான். நான் எந்தப் பக்கமும் சேரல, ஏன்னா ரெண்டு பேரும் பாதி உண்மை பேசறாங்க. முழுப் பொய்யா இருந்தா ஒரு லிங்க்கைப் போட்டு முடிச்சுடலாம், பாதி உண்மையோட சண்டை போடறது ரொம்ப கஷ்டம்.

ஆனா ஒண்ணு மட்டும் உறுத்திக்கிட்டே இருந்துச்சு. ரெண்டு கட்சியும் பேசறது காரைப் பத்தி மட்டும்தான். டிவி விவாதமும் கார், அமைச்சர் பேட்டியும் கார், யூட்யூப்ல மைலேஜ் டெஸ்ட் பண்றவரும் கார். எங்க வீட்டையும் மாமனார் தோட்டத்தையும் சேர்த்து எதெது பெட்ரோல் குடிக்குதுன்னு யோசிச்சா கார் ஒண்ணே ஒண்ணு, மீதி எல்லாம் வேற ரகம். என்னோட கார்ப் (கார்புரேட்டர்) வெச்ச பழைய பைக், தோட்டத்துல புல்லு வெட்டற பிரஷ் கட்டர், முதுகுல மாட்டிக்கிற பவர் ஸ்பிரேயர், கரண்ட் போனா மட்டும் நாங்க ஞாபகப்படுத்திக்கிற குட்டி ஜெனரேட்டர். இதுங்களுக்கும் அதே பங்க், அதே பைப்புதான். இதுங்க சார்பா யாரும் பேசின மாதிரி தெரியல. மாமாவோட பிரஷ் கட்டர் இன்ஜின் இறுகி ஜாம் ஆகற வரைக்கும் நானும் இதை பெருசா நோண்டல, உறுத்தலோட சரி.

மொதல்ல கார் கணக்கை முடிச்சுடறேன்

காரை சீக்கிரம் தாண்டிடலாம், அங்க பெருசா மர்மம் இல்ல. ஒரு லிட்டர் எத்தனால்ல இருக்கற சக்தி, ஒரு லிட்டர் பெட்ரோல்ல இருக்கறதைவிட மூணுல ஒரு பங்கு கம்மி. அஞ்சுல ஒரு பங்கு எத்தனால்னா மொத்தத்துல ஆறு ஏழு சதவீதம் குறையுது, இது இயற்பியல், இதுல கட்சி கிடையாது. நம்ம நிதி ஆயோக்கே 2021 ஜூன்ல போட்ட ரோட்மேப்ல தெளிவா எழுதி வெச்சிருக்கு: சுத்த பெட்ரோலுக்கு டிசைன் பண்ணி இ10க்கு செட் பண்ணின காருக்கு இ20 ஊத்தினா 6-7% மைலேஜ் குறையும், அதே மாதிரி டூவீலருக்கு 3-4%, இ10க்கே டிசைன் பண்ணி இ20க்கு செட் பண்ணின காருக்கு 1-2%. அப்புறம் 2025ல பெட்ரோலிய அமைச்சகம் குறைவு ரொம்ப கொஞ்சம்தான்னு அறிக்கை விட்டப்போ ஜனங்களுக்கு கோவம் வந்ததுக்குக் காரணம் நம்பர் இல்ல, அந்தக் 'கொஞ்சம்தான்'ங்கற தொனிதான்னு நினைக்கிறேன். நாம ஏற்கனவே இ10ல ஓட்டிக்கிட்டிருந்தவங்க, அதுல இருந்து இ20க்கு வந்தா கணக்குப்படி மூணு மூணரை சதவீதம், லிட்டர் நூறு ரூபாய்னா மூணு ரூபா சொச்சம். ஏசி போட்டா, டயர்ல காத்து குறைஞ்சா, டிராஃபிக்ல மாட்டினா அதைவிட அதிகம் போயிடும், அதனால சாதாரணமா ஓட்டறவனுக்கு அது கண்ணுல தெரியறது கஷ்டம். மைலேஜ் பாதியா போச்சுங்கறவங்களுக்கு வேற ஏதோ பிரச்சனை இருக்கு.

நல்லதையும் சொல்லணும். எத்தனாலுக்கு ஆக்டேன், அதாவது அழுத்தத்துல முன்கூட்டியே வெடிக்காம தாங்கற திறன், அதிகம், இ20க்கு 95 ஆக்டேன்ங்கறாங்க, முன்ன 91 தான். ஆனா இன்ஜினை அதுக்குன்னு டிசைன் பண்ணாதான் அந்த எக்ஸ்ட்ரா ஆக்டேனால பிரயோஜனம், பழைய இன்ஜினுக்கு அது சும்மா கூட வர்ற சாமான். அப்புறம் கம்ப்யூட்டர் அளந்து பெட்ரோல் தெளிக்கற இன்ஜெக்ஷன் வண்டியில சைலன்சர் பக்கம் ஆக்சிஜன் சென்சார்னு ஒண்ணு இருக்கு, புகையை மோந்து பாத்து, எரிபொருள் பத்தலைன்னா கம்ப்யூட்டர்கிட்ட சொல்லி இன்ஜெக்டரைக் கொஞ்சம் அதிகம் திறக்க வைக்கும். சுத்த பெட்ரோல்னா ஒரு பங்குக்கு 14.7 பங்கு காத்து வேணும், இ20க்கு பதிமூன்றரை கிட்ட வந்தா போதும். அந்த வித்தியாசத்தை சென்சார் தானா சரி பண்ணிக்கும். ரப்பர் பாகங்கள் ஒரு கேள்விதான், 2023 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த வண்டிகள்ல பொருள் எல்லாம் இ20 தாங்கற மாதிரி இருக்கணும்னு விதி, அதுக்கு முன்னாடி வாங்கினவங்க மேனுவல்ல பல பேருக்கு 10% வரைக்கும்னு அச்சடிச்சிருக்கும். எங்க கார் அந்த ரகம். இது வரைக்கும் ஒண்ணும் ஆகல, தினமும் ஓடற வண்டி, வாரம் ஒரு தடவை டேங்க் காலியாகி புதுசு ஏறுது. இந்த 'தினமும் ஓடற'ங்கறதை மட்டும் மனசுல வெச்சுக்கங்க.

பைக்குக்கு மூக்கு கிடையாது

2020 ஏப்ரல்ல பிஎஸ்6ங்கற புகை விதி வந்ததுக்கு அப்புறம்தான் நம்ம ஊர் பைக் எல்லாம் கிட்டத்தட்ட மொத்தமா இன்ஜெக்ஷனுக்கு மாறுச்சு. அதுக்கு முன்ன வந்ததுல பெரும்பாலும் கார்புரேட்டர்தான், அதுங்க ரோட்டுல எத்தனை ஓடுதுன்னு எந்த சிக்னல்ல நின்னு பாத்தாலும் தெரியும். கார்ப்ல சென்சார் இல்ல, கம்ப்யூட்டர் இல்ல, பித்தளை ஜெட்ல ஒரு ஓட்டை, அந்த ஓட்டை வழியா எவ்வளவு போகுமோ அவ்வளவுதான். பெட்ரோல்ல என்ன கலந்திருக்குன்னு அதுக்குத் தெரியவே தெரியாது. அதனால இ20 ஊத்தினா கலவை கொஞ்சம் 'லீன்' ஆகும், அதாவது காத்து ஜாஸ்தி எரிபொருள் கம்மி. காலையில சோக் இழுத்தாலும் ரெண்டு உதை கூட வாங்கும், ஐடிலிங்ல துடிக்கும், இன்ஜின் கொஞ்சம் சூடாவே ஓடும். நம்ம மெக்கானிக்குங்க ஏர் ஸ்க்ரூவை அரைத் திருகு திருப்பி, தேவைப்பட்டா ஜெட் ஒரு சைஸ் பெருசா மாத்தி சமாளிச்சுடறாங்க.

என் பைக்குல ஆனது, டேங்க்ல இருந்து கார்ப்புக்கு வர்ற பெட்ரோல் டியூப் கல்லு மாதிரி இறுகி, கிளிப் போட்ட இடத்துல வெடிச்சு, சைடு ஸ்டாண்டுல நிக்க வெச்சா சொட்ட ஆரம்பிச்சுது. கார்ப் அடியில இருக்கற கிண்ணம், ஃப்ளோட் பவுலைக் கழட்டினா உள்ள வெள்ளையா பவுடர், ஜெட் ஓரத்துல பச்சையா படிவு. வெள்ளை அலுமினியம், துத்தநாகம் அரிச்சது, பச்சை பித்தளை அரிச்சது. இதெல்லாம் எத்தனாலாலதான்னு சத்தியம் பண்ண மாட்டேன், வண்டிக்கும் வயசாச்சு, எத்தனால் இல்லாத காலத்துலயும் ரப்பர் இறுகத்தான் செஞ்சுது. ஆனா எத்தனால் பழைய ரக ரப்பரை ஊற வெச்சு கெடுக்கும், டேங்க் அடியில வருஷக்கணக்கா படிஞ்ச பிசின் அழுக்கையெல்லாம் கரைச்சுக் கொண்டு வந்து ஃபில்டர்லயும் ஜெட்லயும் அடைக்கும், இது ரெண்டும் ஊர் உலகம் ஒத்துக்கிட்ட விஷயம். செலவு பெருசா இல்ல, டியூப் மாத்தி கார்ப் சர்வீஸ் பண்ணி ஒரு சின்ன ஹோட்டல் பில் அளவுதான் ஆச்சு. அதனால அதுவும் என்னை ஒரு முடிவுக்குக் கொண்டு வரல.

மாமா ஆயில் கலந்தாரா இல்லையா

இனி விஷயத்துக்கு வரேன். மாமாவுக்கு கோபி பக்கம் தோட்டம், தென்னையும் கொஞ்சம் மஞ்சளும், முன்ன கரும்பும் போட்டாரு. மனுஷன் எதுலயும் அளவு. மாட்டுக்கு தீவனம்னாலும் அளவு, காபிக்கு சக்கரைன்னாலும் அளவு. அவரோட பிரஷ் கட்டர் டூ ஸ்ட்ரோக், லிட்டர் பெட்ரோலுக்கு 40 மில்லி டூ டி ஆயில் (டூ ஸ்ட்ரோக் இன்ஜினுக்கான ஆயில்), அதுக்குன்னே ஒரு மருந்து மூடி வெச்சிருப்பாரு, அதைத் தவிர வேற எதுலயும் அளக்க மாட்டாரு. இந்த மாதிரி டூ ஸ்ட்ரோக் மெஷின்ல தனியா ஆயில் டேங்க் கிடையாதுன்னு தெரிஞ்சவங்களுக்குத் தெரியும், பெட்ரோலோட கலந்து போற அந்த ஆயில்தான் பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் உயிர். அது போகலைன்னா நிமிஷத்துக்கு ஏழாயிரம் எட்டாயிரம் சுத்து சுத்தற இன்ஜின் எவ்வளவு நேரம் தாங்கும்.

ஐப்பசி மழைக்கு முன்னாடி கலந்து கேன்ல வெச்சது மீதி இருந்துருக்கு. மழைக்கால வேலையில பிரஷ் கட்டர் பக்கம் யாரும் போகல. தை பொறந்து தென்னந்தோப்புல புல்லு இடுப்பளவு வந்ததும் கேனை எடுத்து, வழக்கம்போல நல்லா குலுக்கி, டேங்க்ல ஊத்திக் கயித்தை இழுத்துருக்காரு. ஸ்டார்ட் ஆயிடுச்சு. கொஞ்ச நேரம் வெட்டிட்டு, டீ குடிக்க ஆஃப் பண்ணி வெச்சுட்டு, திரும்ப ஸ்டார்ட் பண்ணினா கொஞ்சம் திணறிட்டு எடுத்துருக்கு. அப்புறம் சத்தம் வழக்கத்தைவிட கீச்சுனு ஏறியிருக்கு, மாமா ஆக்ஸிலேட்டரை விட்டாலும் இறங்கல, அப்படியே டக்குனு நின்னுருச்சு. கயித்தை இழுத்தா வரல. ஜாம்.

மெஷின் வாங்கின கடையில கொண்டு போய்க் குடுத்தோம், பேரு வேண்டாம். சிலிண்டரைக் கழட்டிப் பாத்துட்டு, பிஸ்டன்ல நெட்டுக்க கோடு விழுந்து சிலிண்டர் உள்சுவர் உரிஞ்சு கிடக்கு, ஆயில் கலக்காம ஓட்டிருக்கீங்க, வாரண்டியில வராதுன்னு சொல்லிட்டாங்க. மாமா ஒண்ணும் பேசல. ஆனா வீட்டுக்கு வர்ற வழியில கார்ல, "மாப்ள, நான் ஆயில் ஊத்தாம ஓட்டுவனா?"ன்னு கேட்டாரு. என்கிட்ட பதில் இல்ல. பிஸ்டன்ல இருக்கற கோட்டை நானும் பாத்தேன், அது ஆயில் போகாத கோடுதான், எனக்கே தெரியுது. மாமா ஊத்திருப்பாருங்கறதும் எனக்கு அதே அளவுக்குத் தெரியும். ரெண்டும் ஒண்ணா எப்படி நிஜமா இருக்க முடியும்ங்கறதுதான் அப்புறம் நாள் முழுக்க மண்டையைக் குடைஞ்சுது. காசு விஷயத்தைவிட, அளவா வாழ்ந்த மனுஷனை ஒரு கவுண்டர்ல நிக்க வெச்சு அஜாக்கிரதைன்னு சொன்னது அவருக்கு ரொம்ப பட்டுடுச்சுன்னு அத்தை அப்புறம் சொன்னாங்க.

பால் பாட்டில்

என் பைக்கைப் பாக்கற மெக்கானிக் அண்ணன் ஒருத்தர், ராஜ்தூத், யெஸ்டி பைக் காலத்துல இருந்து டூ ஸ்ட்ரோக்கோட மல்லுக்கட்டினவர். மெஷினை அவர்கிட்ட கொண்டு போனோம். அவர் பிஸ்டனைத் தொடவே இல்ல. மொதக் கேள்வியே, "பெட்ரோல் மீதி இருக்குங்களா?". நல்ல வேளை மாமா கேனைக் கொட்டல, டிக்கியில இருந்துச்சு. கடையில ஒரு பழைய பால் பாட்டில் வெச்சிருக்காரு, குழந்தைக்குக் குடுக்கறது, மில்லி கோடு போட்டது. கேனைக் குலுக்காம, அடியில இருக்கறதும் சேர்ந்து வர்ற மாதிரி அதுல சாய்ச்சு, பெஞ்சு மேல வெச்சுட்டு வேற வண்டியோட பிளக்கைக் கழட்டப் போயிட்டாரு. நாங்க ரெண்டு பேரும் பாட்டிலையே பாத்துட்டு நின்னோம். கொஞ்ச நேரத்துல நடுவுல ஒரு கோடு. மேல டூ டி ஆயிலோட பச்சை, கீழ கலரே இல்லாம தெளிவா ஒரு அடுக்கு.

மாமா உடனே, "மழைத்தண்ணி பூந்துருச்சுங்க, மோட்டார் ரூம் சீட்டு ஒழுகும், கேன் மூடியிலயும் விரிசல் இருக்கு"ன்னாரு. அண்ணன் சிரிச்சாரு. ஒரு ஊசி சிரிஞ்சை விட்டு கீழ் அடுக்குல இருந்து மட்டும் கொஞ்சம் உறிஞ்சி, வெளிய ரோட்டோரமா ஒரு தகர மூடியில விட்டு, தீக்குச்சியைக் காட்டினாரு. பிடிச்சுக்கிச்சு. வெயில்ல சரியா கண்ணுக்கே தெரியாத நீல நெருப்பு, கையை மேல கொண்டு போனாதான் சூடு தெரியுது. "தண்ணி எரியுமாங்க?"ன்னு மாமாவைப் பாத்துக் கேட்டாரு.

எனக்கு அந்த இடத்துலதான் எல்லாம் ஒண்ணு சேர்ந்துச்சு. பெட்ரோலும் தண்ணியும் சேராது, சின்னப் பையனுக்கும் தெரியும். எத்தனாலுக்கு ரெண்டு பேரோடயும் சிநேகம், ஆனா தண்ணியோடதான் நெருக்கம் அதிகம். பெட்ரோல்ல கலந்த எத்தனால் கொஞ்சூண்டு தண்ணியைத் தன்னோட கரைச்சு வெச்சுக்கும், கண்ணுக்கே தெரியாது. ஒரு அளவைத் தாண்டிட்டா அது பெட்ரோலை விட்டுட்டு தண்ணியைக் கூட்டிக்கிட்டு மொத்தமா அடியில போய் உக்காந்துக்கும். அந்தக் காலத்துப் பெட்ரோல்ல மழைத்தண்ணி பூந்திருந்தா அடியில வெறும் தண்ணிதான் நின்னுருக்கும், அது கார்ப்புக்கு வந்தா இன்ஜின் நின்னுடும், அவ்வளவுதான், கழட்டித் துடைச்சு மாட்டினா முடிஞ்சுது. இப்ப அடியில நிக்கிறது எரியற தண்ணி. இன்ஜின் திணறும், ஆனா ஓடும். இங்கதான் மாமா கேட்ட கேள்விக்குப் பதில் இருக்கு: ஆயில் எத்தனாலோட போகாது, அது பெட்ரோலோடதான் ஒட்டிக்கிட்டு மேலயே நிக்கும். அந்தப் பச்சைக் கலர் கோட்டுக்குக் கீழ இறங்கவே இல்ல பாருங்க. பிரஷ் கட்டர் டேங்க்ல பெட்ரோல் உறிஞ்சற ஃபில்டர் ஒரு ரப்பர் டியூப் முனையில வெயிட்டோட தொங்கும், மெஷினை எப்படி சாய்ச்சாலும் டேங்கோட அடிமட்டத்துக்கே போய் விழணும்னு அப்படி டிசைன். கேனைக் குலுக்கி ஊத்தினதால மொதல்ல ஒழுங்கா ஓடிருக்கு, டீ குடிக்கப் போன நேரத்துல டேங்க்ல பிரிஞ்சுருக்கு, திரும்ப ஸ்டார்ட் பண்ணினப்போ மெஷின் குடிச்சது ஆயிலே இல்லாத அடி அடுக்கை. கீச்சுனு சத்தம் ஏறினது லீன் ஓட்டம். கடைக்காரங்க சொன்னதும் சரி, பிஸ்டனுக்கு ஆயில் போகல. மாமா சொன்னதும் சரி, அவர் ஆயில் ஊத்தினாரு.

மாமா அந்த பாட்டிலைக் கையில வாங்கி ரொம்ப நேரம் பாத்தாரு. அப்புறம் "கலந்துதான இருக்குது மேல"ன்னு சொன்னாரு, அதுவே போதும்ங்கற மாதிரி. அப்புறம்தான் எத்தனால் எதுல இருந்து எடுக்கறாங்கன்னு பேச்சு வந்துச்சு. கரும்புலன்னு சொன்னதும் "நம்ம கரும்பா!"ன்னு ஒரு சிரிப்பு சிரிச்சாரு பாருங்க. சொல்லப்போனா இப்ப பெரும்பங்கு கரும்புகூட இல்ல, மக்காச்சோளம், அரிசின்னு தானியத்துல இருந்துதான் அதிகம் வருது, நாமக்கல் கோழிப்பண்ணைக்காரங்க தீவன மக்காச்சோளம் விலை ஏறிப்போச்சுன்னு புலம்பினதுக்கும் அது ஒரு காரணம். அது தனிப் பதிவு எழுத வேண்டிய கதை.

ஒரு விஷயத்தை நியாயமா சொல்லணும். வாட்ஸ்அப்ல சுத்தற மாதிரி காத்துல இருக்கற ஈரத்தைக் குடிச்சே ஒரு வாரத்துல பெட்ரோல் பிரிஞ்சுடாது. மழைக்காலத்து உப்பு ஜாடி மாதிரி அது ஈரத்தை இழுக்கறது நிஜம், ஆனா அப்படியே பிரியற அளவுக்கு வரணும்னா மாசக்கணக்கு ஆகும். அதுவும் எத்தனால் அளவு கூடக்கூட அது கரைச்சு வெச்சுக்கற தண்ணியும் கூடும், அந்த வகையில இ10ஐ விட இ20 தாக்குப் பிடிக்கும். பிரச்சனை நேரா தண்ணி பூந்தாதான்: ஒழுகற மோட்டார் ரூம், விரிஞ்ச மூடி, வாட்டர் சர்வீஸ்ல டேங்க் மூடி மேல அடிச்ச தண்ணி, மழைக்காலத்துல பங்க்கோட நிலத்தடி டேங்க். ஆனா அப்படிப் பிரிஞ்சா இ20ல அடியில இறங்கற அடுக்கும் இ10ஐப் போல ரெண்டு மடங்கு. வாரா வாரம் காலியாகற கார் டேங்க்குக்கு இதுல ஒண்ணும் வராது. வருஷத்துல பாதி நாள் மூலையில நிக்கிற மெஷினுக்குத்தான் இதெல்லாம்.

பிரேசில்னு சொல்றவங்களுக்கு

அதுக்கு அப்புறம் குரூப்புல பிரேசில் பேரை எடுத்தா நான் வாயை மூடிட்டு இருக்கறதில்ல. பிரேசில்ல 1975ல இருந்து எத்தனால் திட்டம் இருக்கு, 2025 ஆகஸ்ட்ல இருந்து 30% கலக்கறாங்க, எல்லாம் நிஜம். ஆனா அங்க 2003லயே எந்த அளவு கலந்தாலும் ஓடற ஃப்ளெக்ஸ் கார் வந்துருச்சு, பங்க்ல பெட்ரோல் தனி பைப்பு, எத்தனால் தனி பைப்பு, எத்தனால் விலை பெட்ரோல்ல 70 சதவீதத்துக்குக் கீழ இருந்தா அதைப் போடு, இல்லைன்னா இதைப் போடுன்னு ஓட்டறவனே மனக்கணக்கு போட்டுப் பைப்பை எடுக்கறான். அமெரிக்காவை எடுத்துக்கங்க, அங்க இ15 விக்கிறாங்க, நம்மளைவிட கம்மி. அதையே பைக், படகு, புல்லு வெட்டற மெஷின் மாதிரி சின்ன இன்ஜின், 2001க்கு முந்தின கார் எதுலயும் ஊத்தக்கூடாதுன்னு சட்டம், பங்க்ல ஆரஞ்சு கலர்ல ஸ்டிக்கர் ஒட்டியிருக்கணும். பிரிட்டன்ல 2021 செப்டம்பர்ல இ10க்கு மாறினப்போ பழைய வண்டிக்காரங்களுக்குன்னு சூப்பர் பெட்ரோல்ல இ5ஐ விட்டு வெச்சாங்க. எத்தனால் கலக்கறதை யாரும் நிறுத்தல, பழைய மெஷினுக்கு ஒரு பைப்பை மட்டும் ஒதுக்குனாங்க.

நம்ம நாட்டுலயும் இது நேத்து வந்ததில்ல. 2003 ஜனவரியிலேயே ஒன்பது மாநிலத்துல 5% கலக்க ஆரம்பிச்சாங்க, அதுல தமிழ்நாடும் உண்டு, நம்மள்ல பல பேருக்கு அது தெரியாமயே போயிடுச்சு. அப்புறம் தேங்கிப்போய் 2014ல நாடு முழுக்க பாத்தா 1.53% தான். அங்கிருந்து 2022 ஜூன்ல 10%, 2030க்குன்னு வெச்சிருந்த 20% இலக்கை முன்னாடி இழுத்து 2025லயே அடிச்சாச்சு. அந்நியச் செலாவணி மிச்சம்னு அரசாங்கம் சொல்றது எனக்குப் புரியுது, கச்சா எண்ணெய்க்கு நாம குடுக்கற காசு கொஞ்ச நஞ்சமில்ல. ஆனா அந்த வேகத்துல பைப்பு மட்டும் ஒண்ணாவே நின்னுருச்சு. எத்தனால் இல்லாத பெட்ரோலும் ஒரு சாய்ஸா இருக்கணும், எவ்வளவு கலந்திருக்குன்னு பங்க்ல எழுதி ஒட்டணும்னு கேட்டுப் போட்ட பொதுநல வழக்கை சுப்ரீம் கோர்ட் 2025 செப்டம்பர் 1ஆம் தேதி தள்ளுபடி பண்ணிடுச்சு. சாய்ஸ் குடுக்கறது செலவு, தனி டேங்க் வேணும், தனி லாரி வேணும், அதையாவது ஒரு வாதம்னு எடுத்துக்கலாம். எழுதி ஒட்டறதுக்கு என்ன செலவுங்கறதுதான் எனக்கு விளங்கல. நாலு ரூபா பிஸ்கட் பாக்கெட்ல மைதா எத்தனை சதவீதம்னு போட்டிருக்கான்.

விலையும் அப்படித்தான். அதே 2021 ரோட்மேப்ல, மைலேஜ் குறையறதுக்கு ஈடா ஜனங்களுக்கு வரியில சலுகை குடுக்கலாம்னு யோசனை எழுதி வெச்சாங்க. அப்ப எத்தனால் பெட்ரோலைவிட மலிவு. அப்புறம் கொள்முதல் விலை ஏறி, 2025 ஜூலை கணக்குப்படி போக்குவரத்து, ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்து லிட்டருக்கு சராசரி 71.32 ரூபான்னு அமைச்சகமே சொல்லுச்சு, அதாவது அப்ப சுத்திகரிச்ச பெட்ரோலைவிட அதிகம், அதனால விலை குறைக்க வழியில்லையாம். சரி, விவசாயிக்குப் போகுதுன்னே வெச்சுக்கலாம். ஆனா அந்த விவசாயி தோட்டத்துல இருக்கற ஸ்பிரேயரும் பிரஷ் கட்டரும் எதுல ஓடும்னு அந்தக் கணக்குல எங்கயும் ஒரு வரி கூட இல்ல.

இப்ப தோட்டத்துல என்ன நடக்குது

சின்ன மெஷின் வெச்சிருக்கறவங்க கேப்பீங்கன்னு சொல்றேன், இதெல்லாம் அந்த அண்ணன் சொல்லி மாமா கடைப்பிடிக்கறது. கலந்து வெச்சு சேமிக்கற பழக்கம் போச்சு, அன்னைக்கு வெட்டறதுக்கு எவ்வளவு வேணுமோ அவ்வளவுதான் வாங்கிக் கலக்கறாரு. வேலை முடிஞ்சா டேங்க்ல மீதியைத் திரும்ப எடுத்துட்டு, கார்ப்ல இருக்கறது தீர்ந்து தானா ஆஃப் ஆகற வரைக்கும் ஓட விட்டுட்டுதான் உள்ள வைப்பாரு. மீதியை என் பைக்குல ஊத்திடுவாரு, கொஞ்சம் புகை விடும், பரவால்ல. ஜெனரேட்டர்லயும் அப்படித்தான், அதுல பெட்ரோல் டேப்பை மூடி ஓட விட்டா ஃப்ளோட் பவுல் காலியாயிடும். கலக்கறதுக்கு முன்னாடி பால் பாட்டில்ல கொஞ்சம் ஊத்தி வெளிச்சத்துல பாக்கறாரு, மங்கலா இருந்தாலும் கோடு தெரிஞ்சாலும் அதை மெஷின்ல ஊத்தறதில்ல. டயாப்ரம் கார்ப் கிட் ஒண்ணு ஸ்பேரா வாங்கி வெச்சாச்சு, அந்த மெல்லிசு சவ்வு இறுகிட்டா மெஷின் ஸ்டார்ட் ஆகும் ஆனா ஆக்ஸிலேட்டர் குடுத்தா படுத்துக்கும். ஹண்ட்ரட் ஆக்டேன் பெட்ரோல்ல எத்தனால் இல்லைங்கறாங்க, விலை ரொம்ப ஜாஸ்தி, அதுவும் எங்க பக்கம் கிடைக்காது, புல்லு வெட்டறதுக்காக கோயமுத்தூர் வரைக்கும் போறதுன்னா அதுக்குப் புல்லை ஆடு மேயட்டும்னு விட்டுடலாம்.

பிஸ்டனும் சிலிண்டரும் புதுசு மாத்தினோம், மெஷின் விலையில பாதி கிட்ட ஆச்சு. கடையில போய் பாட்டிலைக் காட்டிப் பேசலாம்னு நான் சொன்னேன், மாமா வேண்டாம்னுட்டாரு. நான் தனியா போய்க் கேட்டேன். அந்தத் தம்பி பொறுமையாதான் கேட்டான், "அண்ணா, தண்ணி பூந்த பெட்ரோல்னாலும் வாரண்டி வராதுங்ணா, மேனுவல்ல இருக்கு". பாத்தேன், இருக்கு. அதே பக்கத்துல இன்னொரு வரியும் இருக்கு, 10 சதவீதத்துக்கு மேல எத்தனால் கலந்த பெட்ரோல் ஊத்தக்கூடாதுன்னு. "இதை எங்க போய் வாங்கறது?"ன்னு கேட்டேன். அவனும் ஒரு பிரஷ் கட்டர் வெச்சிருக்கானாம், அவனும் எதிர்ல இருக்கற அதே பங்க்லதான் ஊத்தறானாம். 2025ல அமைச்சகம் சொன்னபடி ரோட்மேப் 2026 அக்டோபர் 31 வரைக்கும் இ20, அதுக்கு மேல எவ்வளவு கலக்கறதுன்னு அப்ப டெல்லியில கமிட்டி வெச்சுப் பேசினாங்க, இ27ங்கற பேச்சு அடிபட்டுச்சு. அந்த மேனுவலோட அடுத்த பதிப்புல என்ன நம்பர் அச்சடிப்பாங்கன்னு கேட்டா, அது கம்பெனிக்குத்தான் தெரியும்ணான்னுட்டு அடுத்த கஸ்டமரைப் பாக்கப் போயிட்டான்.